சங்கத்தின் கணக்கை எதில் எழுதி வைப்பது?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. அளந்து போட்டால் மட்டும் போதாது. அளந்ததை எழுதி வைக்கவும் வேண்டும். எழுதியது வேண்டும்போது படிக்கக் கிடைக்கவும் வேண்டும். கூட்டுறவுச் சங்கம் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையால் நடப்பது. அந்த நம்பிக்கைக்குக் கண்கண்ட சாட்சி கணக்குப் புத்தகங்களே. காரியதரிசிகள் மாறுவர், நிர்வாகக் குழுவினர் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவர், நம்மைப் போன்ற ஆய்வாளர்களும் மாற்றலாகிச் செல்வர். மாறாமல் நிற்க வேண்டியவை பதிவேடுகள்.

அவற்றை எதில் வைப்பது என்பது முற்காலத்தில் பெரிய கேள்வியாக இருந்ததில்லை. கட்டு போட்ட பேரேடு, மைக்கூடு, இரும்புப் பீரோ இவை மூன்றும் இருந்தால் போதும் என்றிருந்தது. இன்று அப்படியன்று. நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்கள் பலவற்றிலும் கூலிப் பட்டியலும் நூல் இருப்பும் கணினிக்குச் சென்றுவிட்டன. காகிதம், வன்தட்டு, பென் டிரைவ், வட்டத்தட்டு, கிளவுடு என்னும் தொலைநிலையச் சேமிப்பு எனப் பலவும் நம் முன் நிற்கின்றன. எது புதிது, எது மலிவு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பின்னர் வருந்த நேரும். எந்தப் பதிவு எத்தனை காலம் வாழ வேண்டும் என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் ஓலையும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்றும் அதே கல்வெட்டு விதிக்கின்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. பெயரை ஓலையில் எழுதினர். விதியைக் கல்லில் வெட்டினர். குடத்திலிட்ட ஓலைக்கு அன்றைய நாளோடு வேலை முடிந்தது. விதியோ தலைமுறை தலைமுறையாக ஊரார் கண்ணில் பட வேண்டியது. ஓலை மலிவானதென்று விதியை ஓலையில் எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. கல் உறுதியானதென்று பெயர்களைக் கல்லில் வெட்டிக்கொண்டிருக்கவும் இல்லை. வேலைக்குத் தக்க சாதனம் என்னும் அறிவு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் இருந்தது. நமக்குத் தேவைப்படுவதும் அதே அறிவுதான்.

மூன்று வினாக்கள்

ஒரு பதிவை எதில் வைப்பது என்று நிர்வாகக் குழு ஆலோசிக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்பதிவு எத்தனை ஆண்டு வேண்டும்? அத்தனை ஆண்டு கழித்து இதனைப் படிக்கப் போகிறவர் யார், அவரிடம் என்ன கருவி இருக்கும்? இடையில் இதற்கு வரக்கூடிய பகை எது?

முதல் வினாவுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். இருபது வயதில் ஒரு நெசவாளர் சங்கத்தில் சேருகிறார். அவர் கூலியிலிருந்து சேமிப்பு நிதிக்குப் பிடித்தம் செய்கிறோம். அறுபது வயது வரை அவர் தறியில் இருந்தால், முதல் நாள் பிடித்தம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கணக்கில் தெரிய வேண்டும். பின்னர் அவருடைய வாரிசுகள் உரிமை கோரும் காலத்தையும் சேர்த்தால் ஐம்பது ஆண்டாகும். முதல் வன்தட்டு இயந்திரம் அமெரிக்காவில் வெளியானது 1956ஆம் ஆண்டில். ஐம்பது பெருந்தட்டுகளைக் கொண்டு, ஐம்பது இலட்சம் எழுத்துகளை அது கொண்டது. அதன் பின் எத்தனையோ வகைச் சாதனங்கள் வந்தன, போயின. கணினிச் சாதனம் எதுவும் ஐம்பது ஆண்டு ஒரே வடிவில் புழக்கத்தில் நின்றதில்லை. ஆனால் நம் அங்கத்தினரின் சேமிப்பு ஐம்பது ஆண்டு நிற்க வேண்டும்.

ஆகவே பதிவேடுகளை முதலில் மூவகையாகப் பிரித்துக்கொள்ளுதல் நலம். துணைவிதிகள், அங்கத்தினர் பதிவேடு, பங்குப் பேரேடு, பொதுச்சபை மற்றும் நிர்வாகக் குழுத் தீர்மானப் புத்தகங்கள், நிலம் கட்டடங்களின் பத்திரங்கள், சேமிப்பு நிதிப் பேரேடு, ஆண்டு இறுதி ஐந்தொகை ஆகியவை சங்கம் உள்ள அளவும் வாழ வேண்டியவை. கடன் பத்திரங்கள், ரொக்கப் புத்தகம், பற்றுச்சீட்டுகள், நூல் மற்றும் உர இருப்புக் கணக்குகள் கணக்குத் தீர்ந்து, தணிக்கை முடிந்து, சட்டம் விதிக்கும் காலம் கழியும் வரை வாழ வேண்டியவை. வருகைக் குறிப்புகள், அன்றாடக் கடிதப் போக்குவரத்து போன்றவை சில காலத்தில் பயன் தீர்ந்துவிடுபவை. எல்லாவற்றையும் ஒரே பீரோவில் திணித்து வைத்தால், பயனற்றது பயனுள்ளதை மூடி மறைத்துவிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: விதிகள் கூறும் காலத்துக்கு முன் எதனையும் அழித்தல் ஆகாது, அழிக்கும்போது தீர்மானமும், அழித்தவற்றின் பட்டியலும் இருத்தல் அவசியம்.

காகிதத்தின் குணமும் குற்றமும்

காகிதத்துக்கு ஒரு பெருமை உண்டு. அதனைப் படிக்கக் கண்ணும் வெளிச்சமும் போதும். மின்சாரம் வேண்டா, இயந்திரம் வேண்டா. அங்கத்தினர் எவரும் தாமே புரட்டிப் பார்க்கலாம். ஆதலின் சங்கம் உள்ளளவும் வாழ வேண்டிய பதிவுகளின் ஒரு பிரதியேனும் காகிதத்தில் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

ஆனால் காகிதம் யாவும் ஒன்றல்ல. செய்தித்தாள் சில மாதங்களில் பழுப்பேறுவதைக் காண்கிறோம். மரக்கூழில் நீக்கப்படாமல் நின்ற பொருள்களும், தயாரிப்பில் சேர்ந்த அமிலமும் அதனை உள்ளிருந்தே அரிக்கின்றன. நெடுங்காலம் நிற்க வேண்டிய தாளுக்கு ஐஎஸ்ஓ 9706 என்னும் சர்வதேசத் தரம் உண்டு. அத்தாளில் அமிலம் இராது. பின்னர் காற்றிலிருந்து சேரும் அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்புச் சத்து இரண்டு சதவீதமாவது இருக்கும். தீர்மானப் புத்தகத்துக்கும் பங்குப் பேரேட்டுக்கும் இத்தகைய தாளைக் கேட்டு வாங்குவதால் ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறிது.

மையைப் பற்றி நெசவாளருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சாயம் போகும் நூலும் போகாத நூலும் அவர்கள் அறிந்தவை. அதே கதைதான் மைக்கும். பால்பாயிண்ட் பேனாக்கள் பலவற்றின் மை சாய மை. வெளிச்சத்தில் நாளடைவில் வெளுக்கும். மைத்தெளிப்பு அச்சு இயந்திரங்களில் வரும் சாய மை நீர் பட்டால் கரையும். லேசர் அச்சிலும் ஜெராக்ஸ் பிரதியிலும் உள்ள கருமை கரித்தூளும் பிசினும் சேர்ந்தது, அது வெளுப்பதில்லை. ஆனால் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி வைத்தால் எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். புதிதாகப் பேனாவோ அச்சு மையோ வாங்கும்போது சாயப் பட்டறையில் செய்யும் சோதனையையே செய்து பார்க்கலாம். ஒரு தாளில் எழுதி அதனை மூன்றாகக் கிழித்து, ஒன்றை இரவு முழுதும் நீரில் ஊற வைத்து, ஒன்றை ஒரு மாதம் வெயிலில் தொங்கவிட்டு, மூன்றாவதை இருட்டில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மை தானே விளங்கும்.

விவசாயிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது சிறு இயந்திரங்களில் அச்சாகிவரும் பளபளப்பான ரசீது. அதில் மையே இல்லை. தாளின் மேல் பூசிய இரசாயனம் சூட்டில் கறுத்து எழுத்தாகிறது. அதே தாள் சூட்டில் வைத்தால் முழுதும் கறுக்கும்; வெளிச்சத்திலும் பிளாஸ்டிக் உறையிலும் வைத்தால் எழுத்து மறையும். விளைபொருள் போட்டதற்கோ கடன் தவணை கட்டியதற்கோ அத்தகைய ரசீது கிடைத்தால், அன்றே ஜெராக்ஸ் எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கமும் தன் பற்றுச்சீட்டுக் கோப்பில் அவ்வாறே செய்தல் வேண்டும். வெற்றுத் தாளைக் காட்டிப் பணம் கட்டினேன் என்று வாதாட இயலுமோ?

இன்னும் சில எச்சரிக்கைகள். கிழிந்த தாளைப் பளபளப்பு ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள். பசை பழுப்பேறித் தாளைக் கெடுக்கும். பழைய பத்திரங்களை லேமினேஷன் செய்யாதீர்கள். ஒருமுறை செய்தபின் பத்திரத்தைப் பழுதின்றி மீட்டல் அரிது. துருப்பிடிக்கும் குண்டூசியைத் தவிர்த்து நூலால் கட்டுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி, தரையினின்று உயர்த்தி வைத்தால் கறையானும் ஈரமும் எளிதில் ஏறா. இராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் அசைவின்மையும் பிடிக்கும். மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினாலே அது பெரும்பாலும் விலகும்.

கணினிச் சாதனங்கள்

கணினியின் பயனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. வட்டிக் கணக்கு நொடியில் முடிகிறது. கூட்டல் பிழை ஒழிகிறது. ஒரு பேரேட்டின் பிரதியை எடுக்க ஒரு மாதம் உட்கார வேண்டியதில்லை. ஆனால் கணக்குப் போடுவதற்கு ஏற்ற கருவி வேறு, கணக்கைக் காப்பதற்கு ஏற்ற சாதனம் வேறு.

வன்தட்டு சுழலும் உறுப்புகளைக் கொண்டது. தறியில் தேயும் பாகம் போல அதுவும் தேயும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தட்டு முன்னறிவிப்பின்றி ஒருநாள் நின்றுவிடலாம். பென் டிரைவில் எழுத்துகள் நுண்ணிய மின்னூட்டங்களாக நிற்கின்றன; மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிவது இயற்கை; வெப்பம் அதனை விரைவுபடுத்தும். சுழலும் பாகம் இல்லாத புதுவகைத் தட்டுகளுக்கும் இதே இயல்பு உண்டு. இவை எடுத்துச் செல்லும் பைகளே ஒழிய, பூட்டி வைக்கும் பெட்டிகள் அல்ல. நாமே எழுதிக்கொள்ளும் வட்டத்தட்டுகளில் எழுத்தைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெளிச்சமும் வெப்பமும் அதற்குப் பகை. பெரிய ஸ்தாபனங்கள் காந்த நாடாவைப் பயன்படுத்துகின்றன. குளிர்ந்த, ஈரமற்ற அறையில் அது நெடுங்காலம் நிற்கும்; ஆனால் அதைப் படிக்கும் இயந்திரம் விலை மிக்கது; தனிச் சங்கத்துக்கு ஏற்றதன்று. பாலியெஸ்டர் படலத்தில் வெள்ளி உப்பால் பதியும் நுண்படச்சுருள் முறையாகக் காத்தால் ஐந்நூறு ஆண்டு நிற்குமென்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஒளியும் ஓர் உருப்பெருக்கியும் இருந்தால் அதனைப் படித்துவிடலாம். அது மாவட்ட அளவில் பல சங்கங்கள் சேர்ந்து ஆலோசிக்கத் தக்க முறையாகும்.

சாதனம் கெடாதிருந்தாலும் அதனைப் படிக்கும் கருவி மறைந்துவிடலாம். பிளாப்பி என்ற சிறு தட்டில் ஒரு காலத்தில் எத்தனை கணக்குகளை வைத்தோம்! அதனைத் தயாரித்துவந்த பெரிய நிறுவனமான சோனி 2011ஆம் ஆண்டில் விற்பனையை நிறுத்தியது. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் ஆணைப்படி நிலங்களைக் கணக்கெடுத்துத் தோலில் எழுதினர். அந்த டூம்ஸ்டே புத்தகம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நினைவாக 1986இல் பிபிசி ஸ்தாபனம் நாட்டு மக்களைக் கொண்டு புதியதொரு தொகுப்பைச் செய்து லேசர் தட்டுகளில் வெளியிட்டது. பதினாறு ஆண்டுகளில், 2002ஆம் ஆண்டளவில், அத்தட்டுகளைப் படிக்கும் இயந்திரங்கள் அருகிப்போயின. ஆராய்ச்சியாளர்கள் பெருமுயற்சி செய்து உள்ளடக்கத்தை மீட்டனர். தோல் ஏடு தொள்ளாயிரம் ஆண்டு நின்றது. இயந்திரத் தட்டு பதினாறு ஆண்டில் தள்ளாடியது.

விவசாயிகளுக்கு இதனை வேறு விதமாகச் சொல்லலாம். விதை நெல்லை ஒரு குதிரில் கொட்டிப் பத்தாண்டு பூட்டி வைப்பதில்லை. ஆண்டுதோறும் விதைத்து, விளைத்து, புது விதையாக எடுத்து வைக்கிறோம். விதையின் ஆயுள் குறுகியது. ஆனால் இடைவிடாது புதுப்பித்தால் அதன் குலம் அழிவதில்லை. கணினிப் பதிவும் விதை நெல்லைப் போன்றதே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் அது வாழும். மாற்றுவதை மறந்தால் முளைக்காது.

தமிழ் எழுத்தே காணாமற்போன கதை

நம் சங்கங்களுக்கென்றே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. கணினியில் தமிழ் தட்டச்சு செய்யத் தொடங்கிய காலத்தில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் இரு குறியீடுகள் தரமாக்கப்பட்டன. ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டைத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் ஏற்றது. இதற்கு முன் பழைய எழுத்துருவில் தட்டச்சான தீர்மானங்களை இன்று திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளே தோன்றும். தட்டு நன்றாக இருக்கிறது, கோப்பும் அழியவில்லை, ஆனால் படிக்க முடியவில்லை!

இத்தகைய கோப்புகள் உங்கள் சங்கத்தில் இருந்தால் இப்போதே ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியபின் பெயர்களையும் தொகைகளையும் ஒருவர் படிக்க மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். இனி முடிந்த கணக்குகளை, எழுத்துருவையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் பிடிஎஃப்-ஏ என்னும் வடிவில் சேமியுங்கள். நெடுநாள் காப்புக்கென்றே 2005ஆம் ஆண்டில் சர்வதேசத் தரமாக வகுக்கப்பட்டது அவ்வடிவம். கணக்கு மென்பொருள் தரும் நிறுவனத்திடம் முதலிலேயே ஒரு நிபந்தனை விதித்தல் வேண்டும்: ஒப்பந்தம் முடிந்தாலும், நிறுவனமே மூடினாலும், எங்கள் கணக்கு முழுவதும் பிற மென்பொருள்களும் படிக்கும் வடிவில் எங்கள் கைக்கு வர வேண்டும் என்பதே அது.

தொலைநிலையச் சேமிப்பு

கிளவுடு என்றால் மேகம். ஆனால் நம் கணக்கு மேகத்தில் மிதப்பதில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், யாரோ ஒருவருடைய கணினியில்தான் இருக்கிறது. அக்கட்டடத்துக்கும் தீ உண்டு. பிரான்சு தேசத்து ஸ்திராஸ்பர்க் நகரில் 2021 மார்ச் 10ஆம் நாள் இத்தகைய நிலையம் ஒன்று எரிந்தது. மாற்றுப் பிரதியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர். தென்கொரியாவின் தேஜோன் நகரில் 2025 செப்டம்பர் 26ஆம் நாள் அரசின் தகவல் நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரசு அலுவலர்கள் தம் வேலைக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த பெருந்தொகுப்பு ஒன்று, வேறிடத்தில் பிரதி இல்லாமையால் அழிந்தது. பெருஞ்செல்வமும் நிபுணரும் உள்ள இடத்திலேயே இப்படியானால், பிரதி ஒன்றே உள்ள சிறு சங்கத்தின் நிலை என்ன?

தொலைநிலையச் சேமிப்பு தீதென்று நாம் கூறவில்லை. ஊரில் வெள்ளம் வந்தால் ஊருக்கு வெளியே உள்ள பிரதி பேருதவி செய்யும். 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பேய்மழையை யார் மறந்திருப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் தரையோடு இருந்த பீரோவும் கணினியும் ஒன்றாகவே மூழ்கும். ஆதலின் தொலைநிலையம் ஒரு பிரதிக்கு ஏற்ற இடம். ஒரே பிரதிக்கு ஏற்ற இடமன்று. கடவுச்சொல்லும் காரியதரிசி ஒருவர் மனத்தில் மட்டும் இருத்தல் ஆகாது. அதனை எழுதி, முத்திரையிட்ட உறையில் தலைவர் பொறுப்பில் பூட்டி வைத்தல் வேண்டும்.

நீரில் நனைந்த புத்தகங்களைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு நாளுக்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காய வைக்காமல் நிழலில், மின்விசிறிக் காற்றில், தாள்களிடையே மை படாத வெள்ளைத் தாளை வைத்து அடிக்கடி மாற்றி உலர்த்துங்கள். ஒட்டிய தாள்களைப் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள்.

சட்டத்தின் பார்வை

கணினிப் பதிவு நீதிமன்றத்தில் செல்லுமா என்று பலர் கேட்கின்றனர். செல்லும், முறையாகக் காத்திருந்தால். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மின்பதிவு பின்னரும் எடுத்துப் படிக்கத்தக்கதாய், முதலில் உண்டான வடிவை உள்ளபடி காட்டுவதாய், அதன் மூலமும் நாளும் நேரமும் தெரிவதாய் இருக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு மின்பதிவோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. அச்சான்றிதழில் ஹாஷ் என்னும் சரிபார்ப்பு எண்ணையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். ஆகவே ஆண்டுக் கணக்கு முடிந்தவுடன் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை எடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் மையால் எழுதி வைத்தால், பிற்காலத்தில் யாரும் அதனைத் திருத்திவிட்டு மறைக்க இயலாது. இங்கே காகிதமும் கணினியும் ஒன்றுக்கொன்று காவலாகின்றன; பாவும் ஊடையும் போல.

பாஸ் புத்தகம் என்னும் பெருஞ்சாட்சி

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆய்வு செய்த ஒரு நெசவாளர் சங்கத்தில் நடந்ததை இங்குக் கூறுதல் பொருந்தும். ஐப்பசி மழையில் இடி விழுந்து கணினி பழுதாயிற்று. மாற்றுப் பிரதி இருந்ததா என்றால், இருந்தது. அதே கணினியில் செருகியிருந்த பென் டிரைவில்! இரண்டும் ஒரே நொடியில் போயின. கணினி வந்தபின் பேரேடு எழுதுவதையும் நிறுத்தியிருந்தனர். அங்கத்தினரின் பல ஆண்டுச் சேமிப்புக் கணக்கு கண்முன் இல்லை.

என்ன செய்வது? அங்கத்தினர் பாஸ் புத்தகங்களைக் கொண்டுவருமாறு தண்டோரா போட்டனர். சங்கத் திண்ணையில் மூன்று வாரம் உட்கார்ந்து கணக்கைத் திரும்ப எழுதினர். பாஸ் புத்தகத்தில் மாதந்தோறும் பதிவு செய்து வாங்கிக்கொண்டவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் கணக்குத் தீர்ந்தது. காலமான நெசவாளர் ஒருவரின் மனைவி, தகரப் பெட்டியில் கூறைப் புடவைக்கு அடியில் வைத்திருந்த புத்தகத்தை எடுத்து வந்தார். ஒரு பக்கம் கூடப் பழுதில்லை. அவருக்குரியது பைசா குறையாமல் கணக்கில் ஏறியது. ஆனால் பாஸ் புத்தகத்தைச் சங்கத்திலேயே விட்டுவைத்தவர்களும், ஆண்டுக்கணக்காகப் பதியாமல் இருந்தவர்களும் கூலிச் சீட்டுகளைத் தேடி அலைந்தனர். சீட்டு கிடைக்காத மாதங்களின் பிடித்தத்தை அவர்களால் நிரூபிக்க இயலவில்லை. உழைத்தது உண்மை; பிடித்தது உண்மை; சாட்சி இல்லை.

இதிலிருந்து பெறும் பாடம் பெரிது. கூட்டுறவுச் சங்கத்துக்குப் பிற ஸ்தாபனங்களுக்கு எளிதில் வாய்க்காத ஒரு காப்பிடம் இருக்கிறது. அதுவே அங்கத்தினரின் வீடு. முந்நூறு அங்கத்தினர் இருந்தால் முந்நூறு இடங்களில் சங்கத்தின் கணக்கு இருக்கிறது. எந்தத் தீயும் எந்த வெள்ளமும் முந்நூறு வீட்டுப் பெட்டிகளையும் ஒருசேர அழித்தல் அரிது. பாஸ் புத்தகத்தில் பதிவு செய்யாத சங்கம் தன் காவலைத் தானே கலைத்துக்கொள்கிறது.

செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் தொகுத்துச் சொன்னால், உலகெங்கும் நிபுணர்கள் கூறும் விதி எளியது: மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று வெளியிடம். சிறு சங்கமும் இதனைக் கடைப்பிடிக்கலாம்.

அன்றாடக் கணக்கு கணினியில் இருக்கட்டும். வாரந்தோறும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து, உடனே கழற்றி, வேறு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். இத்தகைய தட்டுகள் இரண்டு இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஒன்று தொலைநிலையத்திலோ மத்திய வங்கியின் பொறுப்பிலோ இருக்கட்டும். மாத முடிவில் பேரேட்டு நிலுவைகளை நல்ல தாளில் லேசர் அச்செடுத்து, பக்க எண்ணிட்டு, காரியதரிசியும் தலைவரும் கையெழுத்திட்டுக் கட்டு போட்டு வையுங்கள். பாஸ் புத்தகங்களை மாதந்தோறும் பதிந்து அங்கத்தினர் கையிலேயே கொடுங்கள். வன்தட்டுகளை ஐந்தாண்டுக்கு மேல் நம்பாமல் புதியதற்கு மாற்றுங்கள். அந்தச் செலவை வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒதுக்குங்கள்.

இவற்றையெல்லாம் செய்தும் ஒன்றைச் செய்யாவிட்டால் பயனில்லை. பிரதி இருக்கிறது என்று நம்புவது வேறு. பிரதி படிக்கக் கிடைக்கிறது என்று கண்டறிவது வேறு. ஆண்டுக்கு ஒருமுறை, பொதுச்சபைக்கு முன்னர், அங்கத்தினர் பெயர்களைச் சீட்டெழுதிக் குடத்திலிட்டுப் பத்துச் சீட்டுகளை எடுங்கள். அந்தப் பத்துப் பேரின் கணக்கை அலுவலகக் கணினியைத் தொடாமல், வெளியிடத்துப் பிரதியிலிருந்தே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதனை அவர்களுடைய பாஸ் புத்தகங்களோடு ஒத்துப் பாருங்கள். ஒத்திருந்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒவ்வாவிட்டால் அன்றே காரணத்தைத் தேடுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அரை நாள் போதும்.

அங்கத்தினர்களே! அடுத்த பொதுச்சபையில் லாபப் பங்கீடு எவ்வளவு என்று கேட்கும்போதே, நம் கணக்கின் பிரதி எங்கெங்கே இருக்கிறது, கடைசியாக அதனைப் படித்துப் பார்த்தது என்றைக்கு என்றும் கேளுங்கள். அதனைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்குச் சென்று உங்கள் பாஸ் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். கடைசிப் பதிவு எந்த மாதம் என்பதைப் பார்த்து, விடுபட்டிருந்தால் இவ்வாரமே சங்கத்துக்குச் சென்று பதிந்து வாருங்கள்.